தெளுவு குடித்திருக்கிறீர்களா?

சென்ற பொங்கலுக்கு என் மச்சான் வெளிநாட்டிலிருந்து கோவைக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு மிட்டாய், பெண்களுக்கு வாசனைப் புட்டி, பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை என்று எல்லோருக்கும் ஏதாவது கொண்டு வந்திருந்தார்.

தனக்கென்று ஒரு பாட்டில் வைத்திருந்தார். ஸ்காட்லாந்து நாட்டு விஸ்கி.

"மாப்பிள்ளை, நீங்கள் குடிக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். சும்மா முகர்ந்து மட்டும் பாருங்கள்" என்றார்.

முகர்ந்தேன். தூக்கிவாரிப் போட்டது!

ஒரே புகை நாற்றம். அதோடு ஆஸ்பத்திரி வாசனை. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் மருந்து புட்டியைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

"இதற்கா இத்தனை விலை?" என்று கேட்டேன்.

மச்சான் சிரித்தார். "முதல் நாள் எனக்கும் இப்படித்தான் இருந்தது. யாரோ கரியைக் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் ருசி பிடிபட்டது. இப்போது இந்தப் புகை இல்லாவிட்டால் எனக்குச் சப்பென்று இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதும் எனக்கு அம்மாயி வீட்டு ஞாபகம் வந்தது. காங்கேயம் பக்கத்தில் வானம் பார்த்த காடு. வரப்பெல்லாம் பனை மரம். விடியற்காலையில் அம்மாயி கையில் கொடுத்த தெளுவு.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பதநீரைத்தான் எங்கள் கொங்கு நாட்டில் தெளுவு என்போம்.

மச்சான் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்ட பாடத்தை அம்மாயி எனக்கு மூன்றே நாளில் கற்றுக் கொடுத்தாள். அதை இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணைக் கொளுத்தும் தீவு

முதலில் அந்தப் புகையின் கதையைக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. ஓயாத காற்று, ஓயாத மழை. அங்கே விறகுக்கு மரம் குறைவு. ஆனால் சதுப்பு நிலம் நிறைய உண்டு. செத்த புல்லும் பாசியும் அந்தச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அமுங்கிக் கிடந்து, மண்ணும் இல்லாமல் கரியும் இல்லாமல் கறுப்பாக ஒன்றாகிவிடும். அதற்குப் 'பீட்' என்று பெயர். அதைச் செங்கல் மாதிரி வெட்டி, வெயிலில் காய வைத்து, அடுப்பு எரிப்பார்கள்.

இந்தப் 'பீட்' நமக்கும் அந்நியமானது அல்ல. கோவைக்கு மேலே நீலகிரி மலையில் இருக்கிறது. அந்தச் சேற்றை ஆராய்ந்த விஞ்ஞானிகள், கடந்த 20,000 ஆண்டுகளில் நம் மலையில் மழையும் வறட்சியும் எப்படி மாறி மாறி வந்தன என்று 1993-ல் எழுதினார்கள். நாம் அதை எரிக்க வேண்டியதில்லை. பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அந்தச் சேறு அங்கேயே இருப்பதுதான் நல்லது.

ஐலாத் தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள்? விஸ்கிக்குப் பார்லி தானியத்தை ஊற வைத்து முளை கட்ட வேண்டும். பிறகு சூட்டில் உலர்த்த வேண்டும். உலர்த்த விறகு இல்லை. ஆகவே 'பீட்' மண்ணைக் கொளுத்தினார்கள். புகை தானியத்தில் ஏறியது. தானியத்திலிருந்து சரக்கிலும் ஏறியது. அந்தப் புகையில் உள்ள பினால் என்ற பொருள்தான் ஆஸ்பத்திரி வாசனைக்குக் காரணம்.

ஆக, அந்த மணம் யாரும் யோசித்துச் சேர்த்தது அல்ல. விறகு இல்லாத கஷ்டத்தில் பிறந்தது. ஏழையின் அடுப்புப் புகை!

அந்தப் புகைக்கு இன்று உலகம் எங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து மக்கள் அதைக் குறையாக நினைத்து மறைக்கவில்லை. "இது எங்கள் மண்ணின் மணம்" என்றார்கள். ஸ்காட்லாந்தில் காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு அங்கேயே கிடந்தால்தான் 'ஸ்காட்ச்' என்று பெயர் வைக்கலாம் என்று சட்டமே போட்டார்கள். 

குடிப்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். நான் பார்ப்பது வேறு. சொந்த மண்ணின் மணத்தை ஒரு தீவு மதித்தது. நாம் மதித்தோமா?

அம்மாயி கொடுத்த பட்டை

எனக்கு அப்போது ஏழு வயது. கோடை லீவு. கோழி கூவும் நேரத்தில் அம்மாயி என்னை எழுப்பினாள். மரமேறி அப்போதுதான் மரத்திலிருந்து முட்டியை இறக்கிக் கொண்டு வந்திருந்தார். பச்சைப் பனை ஓலையை மடித்துத் தொன்னை மாதிரி கட்டினார். அதுதான் பட்டை. அதில் தெளுவை ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தேன். துப்பிவிட்டேன்!

இனிப்புத்தான். ஆனால் சுண்ணாம்பு வாடை அடித்தது. ஓலையின் பச்சை வாசம் வேறு. எறும்பு ஒன்று மிதந்தது.

அம்மாயி கோபிக்கவில்லை. "நாளைக்கும் ஒரு வாய் குடி சாமி. நாளான்னிக்கும் குடி. அப்புறமும் வேண்டாமின்னா உட்டுரு" என்றாள்.

இரண்டாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூன்றாம் நாள் மூக்கைப் பிடிக்க மறந்து போனேன். நான்காம் நாள் அம்மாயி எழுப்புவதற்கு முன்பே எழுந்து மரத்தடியில் நின்றேன்!

அதன் பிறகுதான் அதில் என்னென்ன ருசி இருக்கிறது என்று தெரிந்தது. நாக்கில் பட்டதும் இனிப்பு. அதற்குப் பின்னால் பூ மணம். தொண்டையில் இறங்கும்போது சுண்ணாம்பின் சிறு காரம். முதல் நாள் என்னைத் துப்ப வைத்த அந்த வாடைதான் கடைசியில் தெளுவின் அடையாளமாகத் தெரிந்தது. நுங்கை வழித்துப் போட்டுக் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

சுண்ணாம்பு எதற்கு?

பனம்பாளையின் நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காற்றில் உள்ள நொதி அதில் விழுந்தால் சர்க்கரை சாராயச் சத்தாக மாறத் தொடங்கும். சில மணி நேரத்தில் சாறு புளித்துவிடும். அதுதான் கள்.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதியின் வேலை நடக்காது. சாறு புளிக்காது. அதுதான் தெளுவு.

மரம் ஒன்று. பாளை ஒன்று. சாறும் ஒன்றே. ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் வித்தியாசம். கள் போதை தரும். தெளுவு போதை தராது. குழந்தையும் குடிக்கலாம், கிழவியும் குடிக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரமே பாகு, மரமே விறகு

குடித்தது போக மிஞ்சிய தெளுவை அம்மாயி கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவாள். அடுப்புக்கு என்ன விறகு தெரியுமா? காய்ந்த பனை ஓலை, பனை மட்டை. மரமே பாகு கொடுக்கும். மரமே விறகும் கொடுக்கும்.

நேரம் ஆக ஆகச் சாறு சுண்டும். நிறம் மாறும். ஓலைப் புகை கொப்பரையைச் சுற்றிச் சுற்றி வரும். பதம் வந்ததும் தேங்காய்த் தொட்டியில் ஊற்றி ஆற வைப்பாள். பத்து லிட்டர் தெளுவு காய்ந்தால் ஒரு கிலோ சொச்சம் கருப்பட்டி கிடைக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டால் இனிப்போடு கொஞ்சம் புகை மணமும் வரும். கருப்பட்டிக் காப்பியில் அது இன்னும் நன்றாகத் தெரியும். மச்சான் பாட்டிலை முகர்ந்தபோது எனக்கு அம்மாயி வீட்டு நினைவு வந்தது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? அங்கே விறகு இல்லாமல் மண்ணை எரித்தார்கள். இங்கே ஓலையை எரித்தோம். இரண்டும் ஏழை அடுப்பின் புகைதான். அந்தப் புகை கண்ணாடிப் பாட்டிலில் ஏறிக் கப்பலில் வருகிறது. நம் புகை ஊருக்குள்ளேயே மறைந்து வருகிறது.

கள்ளோடு சேர்த்துத் தள்ளினோம்

ஏன் மறைந்தது? கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

கொங்கு நாடு மதுவிலக்குக்குப் பேர் போன பூமி. 1921-ல் கள் எதிர்ப்பு நடந்தபோது, ஈரோட்டுப் பெரியார் தமக்குச் சொந்தமான தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். அதில் கல்கி வேலை பார்த்தார். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று.

அந்தப் பெரியவர்களின் நோக்கத்தில் குற்றமில்லை. கூலியைக் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போன புருஷர்களை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அது மட்டுமல்ல. பனை மரத்தை வெறுக்கக் காந்தியடிகள் சொல்லவில்லை. கள்ளுக்குப் பதிலாக இனிப்புச் சாறும் பனைவெல்லமும் எடுக்கத்தான் சொன்னார்.

நாம் பாதியைக் கேட்டோம். மீதியை விட்டோம்.

1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது. பிறகு மீண்டும் இறுகியது. 1981-ல் கடைகள் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. "விஸ்கிக்கும் பிராந்திக்கும் கடை உண்டு, கள்ளுக்கு மட்டும் தடையா?" என்று கொங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் போராடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வழக்கு ஒருபுறம் நடக்கட்டும்.

தெளுவு என்ன பாவம் செய்தது? அதில் போதை இல்லை. அதை எதிர்க்கிற கட்சியும் இல்லை. கள் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்து குடிக்கக்கூடிய பானம் அது. ஆனால் முட்டி கட்டியவரைக் கண்டாலே கள் இறக்குகிறவர் என்று சந்தேகப்படும் வழக்கம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தில் கள்ளோடு சேர்த்துத் தெளுவையும் தள்ளிவிட்டோம்.

"இப்ப யாருங்க ஏறறாங்க?"

மச்சானுக்குத் தெளுவு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. மாசி பிறந்ததும் காங்கேயம் பக்கம் போனேன். வரப்பில் பனை மரங்கள் நின்றன. ஒன்றிலாவது முட்டி இல்லை.

ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, தெளுவு கிடைக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப யாருங்க மரம் ஏறறாங்க? நான் ஏறுன ஆளுதானுங்க. முட்டி போச்சு, முழங்கால் போச்சு. என்ற பையன் திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போறானுங்க. மரமேறின்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரம் ஐம்பது அடி. ஒருவர் இருபது மரம் ஏறுகிறார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு நாளில் 2,000 அடி! மூன்று நாள் ஏறினால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறின உயரம் ஏறக்குறைய வந்துவிடும். காலில் ஒரு தளைநார். இடுப்பில் ஓர் அரிவாள். கை வழுக்கினால் குடும்பம் நடுத்தெருவில்.

இப்படி உயிரைப் பணயம் வைத்து இறக்குகிற சாற்றுக்கு நாம் பேரம் பேசுகிறோம். கலர் சோடாவுக்குப் போட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம்!

பையன் பனியன் கம்பெனிக்குப் போனது தப்பு என்று யார் சொல்ல முடியும்? மரம் ஏறினால் மரியாதை இல்லை, பாதுகாப்பு இல்லை, நல்ல விலையும் இல்லை. இந்த மூன்றையும் கொடுக்காமல் "நம் பாரம்பரியம் போச்சே" என்று நாம் அழுவது நடிப்பு.

என்ன செய்யலாம்?

செய்ய முடியாத காரியம் இல்லை. சில வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன.

பனை நம் மாநில மரம். 2021-ல் தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டது. பனை விதைகள் விநியோகிக்கப்படும் என்றும், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனை மரத்தை வெட்டக் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். 2017-ல் தென்னையிலிருந்து நீரா இறக்கவும் அனுமதி வந்தது. நீராவும் புளிக்காத சாறுதான். குளிர வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பொள்ளாச்சித் தென்னைக்குக் கிடைத்த கவனம் காங்கேயம் பனைக்கும் கிடைக்க வேண்டும்.

மரத்தை வெட்டாமல் காப்பது பாதி வேலைதான். ஏறுகிற ஆளைக் காப்பதுதான் மீதி வேலை. நல்ல இடுப்புப் பட்டை வேண்டும். இன்ஷூரன்ஸ் வேண்டும். நம்பி ஏறக்கூடிய கருவி வேண்டும். பம்பு செட்டும் மோட்டாரும் செய்து இந்தியா முழுவதும் அனுப்பிய ஊர் கோவை. ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வந்தவர்களால், மனிதனைப் பனை உச்சிக்குப் பத்திரமாக ஏற்றி இறக்க முடியாதா?

அடுத்தது விற்பனை. ஒவ்வொரு உழவர் சந்தையிலும் காலை வேளையில் ஒரு தெளுவுக் கடை இருக்கட்டும். சுத்தமான பாத்திரம், வடிகட்டிய சாறு, அளவான சுண்ணாம்பு. சர்க்கரைத் தண்ணீர் கலந்தவருக்குக் கடை இல்லை என்று கண்டிப்பு இருக்கட்டும். கருப்பட்டிக்கும் அதே கண்டிப்பு வேண்டும். சீனிப் பாகைக் கலந்து கருப்பட்டி என்று விற்பது, வாங்குகிறவரை மட்டும் ஏமாற்றவில்லை. மரத்தில் ஏறியவரின் உழைப்பையும் திருடுகிறது.

பெயரையும் காக்க வேண்டும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குக் கிடைத்தது. மாவு ஆட்டுகிற கல்லுக்குக் கிடைத்த கௌரவம் கொங்கு நாட்டுத் தெளுவுக்கும் ஒரு நாள் கிடைக்கட்டுமே!

இவை சர்க்காரும் சங்கங்களும் செய்ய வேண்டியவை. நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு ருசியைக் கற்றுக் கொடுப்பது.

ருசி பிறவியில் வருவது அல்ல. பழக்கத்தில் வருவது. வெளிநாட்டு மண் புகைக்கு மூன்று மாதம் பொறுமையாக இருந்தார் என் மச்சான். நம் பனைக்கு மூன்று நாள் பொறுக்க முடியாதா? குழந்தை முதல் நாள் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். திட்ட வேண்டாம், கட்டாயப்படுத்தவும் வேண்டாம். "நாளைக்கும் ஒரு வாய்" என்று சொல்லுங்கள்.

கேட்கிற வாய் நூறு இருந்தால் ஏறுகிற கால் பத்து வரும். யாரும் கேட்காவிட்டால் மரம் மட்டும்தான் நிற்கும்.

அன்று நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன். அந்தப் பெரியவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "வர்ற வருசம் மாசியில வாங்க. என்ற பேரன்கிட்டச் சொல்லி ஒரு மரமாச்சும் கட்டச் சொல்றனுங்க" என்றார்.

மச்சானுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த வருஷம் பாட்டில் கொண்டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மாசி மாதம் நான்கு நாள் லீவு போட்டுக்கொண்டு வரவேண்டும்.

மூன்று நாள் போதாது. நான்காம் நாள்தான் மரத்தடிக்குத் தானாக ஓடத் தோன்றும்.